தமிழ்ப் பிள்ளை கேட்ட கேள்வி

அந்தக் காலையை நினைத்தால் இன்னும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காளானில் இருக்கும், கண்முன் காட்சிகளை எழுப்பும் மருந்தொன்றை மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அது. சுவிஸின் பாசல் நகரில் அதற்கு நான் ஒருங்கிணைப்பாளர். ஆட்களைத் தெரிவு செய்வது, கேள்வி கேட்பது, மருந்து நாளன்று அறையை ஆயத்தப்படுத்துவது எல்லாம் என் தலையில். பாடன் நகரிலிருந்து வந்த ஒருவர்தான் எங்களுடைய முதல் தமிழர். உணவகச் சமையலறையில் வேலை. எந்த மருந்துக் குளிசைக்கும் கேட்காத சோர்வு. நானும் தமிழ், நான் கேட்டால் மனம் திறந்து பேசுவார் என்று மருத்துவர் அவரை என்னிடம் விட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் நாளே கேட்டேன், இரத்த உறவில் யாருக்காவது மனப்பிறழ்வு உண்டா என்று. இருந்தால் இந்த மருந்து ஆளையே புரட்டிப் போட்டுவிடலாம், தரமாட்டோம் என்றும் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்த தன் அக்காவைப் பார்த்தார். அக்கா முந்திக்கொண்டார்.

"சீச்சீ! எங்கட குடும்பத்தில அப்பிடி ஒருத்தரும் இல்லை, பிள்ளை."

இந்த மருந்துக்காகவே தம்பிக்காரர் பழைய குளிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். வாரக்கணக்கில் நித்திரை இல்லை. தொலைபேசியில் அழுதார். அப்படியும் மருந்து நாளன்று நேரத்துக்கு வந்துவிட்டார். கட்டில், இசை, கண்ணை மறைக்கும் துணி எல்லாம் ஆயத்தம். அப்போதுதான் அக்கா பையிலிருந்து இரண்டு சோற்றுப் பார்சல்களை எடுத்தார்.

"இது தம்பிக்கு, பின்னேரம் சாப்பிட. மற்றது வில் டவுனில இருக்கிற எங்கட பெரியண்ணைக்கு."

"பெரியண்ணை வில்லில என்ன செய்யிறார்?"

"ஆஸ்பத்திரியில. காதுக்குள்ள ஆரோ கதைக்கினம் எண்டுவார். அது பழைய கதை, விடுங்கோ."

விடுவதாவது! மருத்துவரைக் கூப்பிட்டேன். அவருக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில்லை என்று ஆகிவிட்டது.

"ஏனக்கா மறைச்சனீங்கள்? தம்பியின்ர உயிரோட விளையாடுறியளோ?" கத்தியே விட்டேன்.

"என்ர மகளுக்குக் கலியாணம் பேசுறம். வெள்ளைக்காரர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பம். நீங்கள் தமிழ்ப் பிள்ளை. உங்கட அம்மாவும் கோயிலுக்கு வாறவ."

வேலைக் கதை ஒரு சொல்கூட நான் அம்மாவிடம் பேசியதில்லை. தமிழ் முகம் போதும் என்று நினைத்த மருத்துவர்மேல் கோபம். மாப்பிள்ளை வீட்டுக்குப் பயந்து தம்பியைப் பலி கொடுக்கத் துணிந்த இந்த மனுசிமேல் அதைவிடக் கோபம்.

தம்பிக்காரர் வீட்டுக்குப் போகக் காலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா என் கையைப் பிடித்தார். "பிள்ளை, ஆரும் கேட்டால் இவர் முதுகு நோவுக்கு வந்தவர் எண்டு சொல்லுங்கோ."

தம்பிக்காரர் நிமிராமலே சொன்னார். "அண்ணையைக் கனடாவில எண்டு சொல்லுறியள். எனக்கு முதுகு நோ. நான் செத்தால் என்னெண்டு சொல்லுவியள், அக்கா?"

சாவைப் பற்றி அவர் சொன்னது சும்மா பேச்சாக எனக்குத் தெரியவில்லை. நான் மருத்துவரைத் திரும்பக் கூப்பிட்டேன். தம்பிக்காரரைச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். அன்று அவரை வீட்டுக்கு விடவில்லை.