கேமராவின் பச்சை விளக்கு

என் பழைய கம்ப்யூட்டர் காலையில் திரை காட்டுவதற்குள் நான் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவேன். கேரள எல்லையோரம் எருத்தேன்பதியில் ஒண்டியாகக் கிடப்பவனுக்கு அவசரம் ஒன்றுமில்லைதான். ஆனாலும் எரிச்சல் வந்தது. கேரளப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அங்கே கம்ப்யூட்டர்களில் லினக்ஸ்தான், என் வீட்டிலும் அதுதான் என்பதால் கொஞ்சம் கை பழகியிருந்தது. ஒருநாள் உட்கார்ந்து, கம்ப்யூட்டரைப் போட்டதும் தானாகத் தொடங்கி உள்ளுக்குள் ஓடும் சர்வீஸ்களின் பட்டியலை எடுத்தேன்.

தென்னந்தோப்புக்குத் தண்ணீர் கட்டுகிறவன் புத்தி எங்கே போகும்? கடைசி வரிசைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றால் வழியிலுள்ள மடைகளை அடைத்துக்கொண்டே போவோம். அப்படித்தான் ஒவ்வொன்றாக 'டிசேபிள்' கொடுத்தேன். பிரிண்டரே இல்லை, அதற்கு எதற்கு சர்வீஸ்? ப்ளூடூத்தும் போயிற்று. பெயரே புரியாத ஒன்று இருந்தது, அதையும் அடைத்தேன். மறுநாள் காபி ஆறுவதற்குள் திரை வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

பதினோரு நாள் கழித்துத்தான் கவனித்தேன், கம்ப்யூட்டர் மேலிருந்த கேமராவின் பச்சை விளக்கு எரியவில்லை. மனைவி தவறிப்போன பிறகு, கனடாவில் இருக்கும் மகன் வந்து மாட்டிவிட்டுப் போன கேமரா அது. நான் எப்படி இருக்கிறேன் என்று அவன் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். அதற்காகவே தினமும் காலையில் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் உட்காருவேன். நான் அடைத்த அந்தப் பெயர் புரியாத சர்வீஸ்தான் படத்தை அவனுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

இடையில் போன் செய்தவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் உடனே சரி செய்திருக்கலாம். வீம்பு விடவில்லை. படம் வரவில்லையே என்று அவனே கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான்.

"ஏனுங்ப்பா, உடம்பு நல்லா இருக்குதுங்ளா?"

"இருக்குது கண்ணு. கேமராவுல நாந் தெரியறனா?"

"தெனமும் பாத்துட்டுத்தானுங்ப்பா இருக்கறேன். நல்லாத்தான் இருக்கறீங்க."

"செரி கண்ணு" என்று வைத்துவிட்டேன். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

எழுந்து போய் அந்த சர்வீஸை மறுபடி 'எனேபிள்' செய்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒருவேளை அவன் நிஜமாகவே பார்க்கப்போய், படம் வராமல், தான் சொன்ன பொய் எனக்குத் தெரிந்துவிட்டது என்று கூசிப்போகக் கூடாது. துவைத்து வைத்திருந்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.