பதினேழால் வகுபட்ட வளையல்

ஸ்வென்போர் படகுத்துறையில் எஞ்சின் பார்க்கும் தோர்கிலுக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. பகா எண்தான் பித்து. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாத ஓர் எண்ணைக் கண்டுவிட்டால் மனுஷனுக்குச் சாப்பாடே வேண்டாம்.

31 பகா எண். 331-ம் அப்படித்தான். முன்னால் ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் 33333331 வரை ஏழும் பகா எண்கள். ஏழையும் அவனே பென்சிலால் வகுத்துச் சோதித்திருந்தான். கடைசி எண் மட்டும் ஒரு குளிர்காலத்தையே விழுங்கியது. எட்டாவதை, 333333331-ஐ, அவன் தொடவில்லை. அண்ணன்மார் ஏழு பேரும் யோக்கியர்கள், கடைக்குட்டி மட்டும் திருடனாகவா பிறப்பான்? இந்தப் பித்துப் பிடித்தவர்கள் வழுக்கி விழுகிற இடமே இதுதான்.

வெள்ளிவிழாத் திருமண நாளுக்கு மனைவி ராக்னாவுக்கென்று செய்த வெள்ளி வளையலில் அந்த எட்டாவது எண்ணைத்தான் பொறிக்கச் சொன்னான்.

அன்று விடிந்ததும் அந்த ஊர் வழக்கப்படி அக்கம்பக்கத்தார் வாசலில் ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டி, கொம்பு ஊதி, பாட்டுப் பாடி இருவரையும் எழுப்பினார்கள். எல்லோர் முன்னாலும் தோர்கில் வளையலை அவள் கையில் மாட்டினான்.

"யாராலயும் வகுக்க முடியாத நம்பர் இது. நம்ம ரெண்டு பேர் மாதிரி."

"வெள்ளிக்குக் காசு குடுத்தியா, நம்பருக்கா?" என்று பக்கத்து வீட்டு மோவென்ஸ் கத்தினார். ஒரே சிரிப்பு. ராக்னா மட்டும் சிரிக்கவில்லை. ரொட்டி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனவள் வரவேயில்லை. தேடிப் போனான். மாவுப் பொட்டலத்தின் மேல் அவள் ஏதோ கணக்குப் போட்டு முடித்திருந்தாள்.

"பதினேழால வகுத்துப் பாரு."

வகுத்தான். 19607843. மீதி இல்லை. மறுபடி வகுத்தான். மீதி இல்லை. பேயறைந்தவன் போல நின்றான். ஏதோ ஆயிரத்தைத் தாண்டிய எண் கவிழ்த்திருந்தாலாவது மனசு ஆறும். போயும் போயும் பதினேழு! பள்ளிக்கூடப் பிள்ளைகூட வகுத்துப் பார்த்திருக்கும்.

"நீ எதுக்கு வகுத்த?"

"நீ வகுக்கலன்னு உன் மூஞ்சியே சொல்லிச்சு."

"ஏழும் சரியா வந்துச்சு ராக்னா. அதான் எட்டாவதும்..."

"சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்ட. என்னையும் அப்படித்தான் விட்ட. கல்யாணமான புதுசுல தெனமும் கேப்ப, நல்லாயிருக்கியான்னு. நல்லாயிருக்கேன்னு நானும் சொல்வேன். அப்புறம் நீ கேக்கவே இல்ல."

"மாப்பிள்ளையும் பொண்ணும் எங்கய்யா?" என்று வெளியிலிருந்து மோவென்ஸ் குரல் கொடுத்தார். கொம்பு மறுபடி ஊதியது.

அப்படி இல்லவே இல்லை என்று தோர்கில் சொல்ல வாயெடுத்தான். கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தான், நினைவுக்கே வரவில்லை.

"இப்பக் கேக்கறேன். நல்லாயிருக்கியா?"

அவள் அடுப்படி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"இல்ல, தோர்கில்."

அவன் ரொட்டித் தட்டை ஒதுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தான்.