ஒளித்த விதத்துக்கு நாற்பது மார்க்

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் பதினோரு வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது. ஒரே மாடியில் எதிரெதிர் வீடு, நடுவில் நாலடி வராந்தா. மாமியார் விட்டுப்போன தையல் மெஷின் யாருக்கு என்பதில் மூண்ட சண்டை. மெஷின் துருப்பிடித்து எடைக்கே போய்விட்டது. சண்டை மட்டும் எண்ணெய் போட்ட மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. படியில் எதிர்ப்பட்டால் ஒருத்தி செருப்பைப் பார்ப்பாள், இன்னொருத்தி சுவரைப் பார்ப்பாள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவர் அண்ணன்தான். மனைவி மனசு நோகக் கூடாதென்று இங்கே சாப்பிட்டு, தங்கை மனசு நோகக் கூடாதென்று அங்கேயும் சாப்பிட்டு, அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் பெருத்ததுதான் மிச்சம்.

அதை முடித்து வைத்தது ஒரு சாவி. அதுவும் கம்ப்யூட்டர் திரைக்குள் இருந்த சாவி.

நாத்தனார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் வேலைக்காக வெளிநாடு போனபோது பழைய கம்ப்யூட்டரை அம்மாவிடம் விட்டுப்போனாள். அதில் பொருள் தேடும் விளையாட்டு ஒன்று இருந்தது. அந்த மாதிரி விளையாட்டில் ஒரு கதை ஓடும்: பாழடைந்த பங்களா, காணாமல் போன பெண், நொண்டி நொண்டி நடக்கும் காவல்காரன். நடுநடுவே சாமான் குவிந்த அறை ஒன்று படமாக வந்து நிற்கும். கீழே பட்டியல் இருக்கும்: சீப்பு, கத்தரிக்கோல், குடை, ஆந்தை. எல்லாவற்றையும் கண்டுபிடித்தால்தான் அடுத்த கதவு திறக்கும். முடியாதவர்களுக்கு ஹிண்ட் என்று ஒரு பொத்தான் உண்டு. கண்ட இடத்திலும் அழுத்தித் தள்ளினால் அம்புக்குறி கோபித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உறைந்துவிடும்.

இரண்டு நாள் ஒரு சாவியைத் தேடி நாத்தனாருக்குத் தலை சுற்றியது. ஹிண்ட் அழுத்த மானம் இடம் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவைத் தட்ட மட்டும் அந்த மானம் எப்படி இடம் கொடுத்தது என்று இன்றுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை.

"அண்ணி, ஒரு சாவி. கண்ணுலயே பட மாட்டேங்குது. வந்து பாருங்களேன்."

அண்ணி ஈரக் கையோடு வந்து நின்றாள். முப்பத்திரண்டு வருஷம் மருந்து லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிழை திருத்தியவள். ஒரு புள்ளி இடம் மாறினாலும் பிடித்துவிடுவாள். பிரஸ்ஸில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்றே பெயர். திரையை ஒரு தடவை பார்த்தாள்.

"குடைக்குக் கைப்பிடி என்னன்னு நினைச்சே? அதான் சாவி."

மறுநாள் நாலு மணிக்குக் கதவை யாரும் தட்டவில்லை. திறந்தே இருந்தது.

அந்த நாட்களை நினைத்தால் அண்ணிக்கு இப்போதும் சிரிப்பு வரும். எந்த விளையாட்டையும் ஒரு மணி நேரம் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். சரியாக அறுபதாவது நிமிஷம், கொலைகாரன் கதவைத் திறக்கும் நேரம் பார்த்து நின்றுவிடும். அதனால் இருவரும் தண்ணீர் குடித்துவிட்டு, பாத்ரூம் போய்விட்டு, பரீட்சைக்கு உட்காருகிற மாதிரி உட்காருவார்கள். கதை முழுக்க அயல்மொழி. நாத்தனார் அதைத் தமிழில் அள்ளி விடுவாள். பேய்க்கு ஒரு குரல், போலீஸுக்கு ஒரு குரல். பேய்க்கு அவள் கொடுத்த குரல் அவளுடைய பழைய சூப்பர்வைசர் குரல் என்பது வேறு விஷயம். பொருள் தேடும் படம் வந்தால் மவுஸ் அண்ணி கைக்கு மாறும். ஹிண்ட் அழுத்தியவர் அன்றைக்கு டீ போட வேண்டும். தப்பாக அழுத்தினால் டீ இல்லை, திட்டுதான். "கண்ணு என்ன புடனியிலயா இருக்கு?" என்று நாத்தனார் பாய்வாள். அண்ணனும் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து பின்னால் நிற்பார். எதையும் கண்டுபிடித்ததில்லை, பிஸ்கட்டைத் தவிர.

ஆடிய விளையாட்டுக்கெல்லாம் மார்க் போட ஒரு நீள நோட்டு இருந்தது. கதைக்கு இருபது, புதிருக்கு இருபது, சத்தத்துக்குப் பத்து, முடிவுக்குப் பத்து. மிச்ச நாற்பதும் ஒளித்த விதத்துக்கு. அந்த நாற்பது அண்ணியின் கோட்டை. எழுதுவது நாத்தனார், சொல்வது அண்ணி. சாமானை நியாயமாக ஒளிக்க வேண்டும் என்பாள். ஆந்தை அலமாரி உச்சியில் உட்காரலாம், சீப்பு ஏணியின் படியாக நிற்கலாம். சாயத்தைக் குறைத்து, சுவரோடு சுவராகக் கரைத்து வைத்தால் அது ஒளித்தது ஆகாது, ஏமாற்றியது. அப்படிச் செய்தவர்களுக்கு ஒற்றை இலக்கம்தான். இருநூற்றுப் பதினேழு விளையாட்டில் அதிகபட்சம் முப்பத்தெட்டு, அதுவும் அவர்கள் முதலில் ஆடிய 'கலங்கரை வீடு' ஒன்றுக்கு. நாற்பதுக்கு நாற்பது யாரும் வாங்கியதில்லை.

இப்படியே பதினாலு வருஷம் ஓடிவிட்டது. போன வருஷம் அண்ணியின் பார்வைக்கு நடுவில் ஒரு அழுக்கு வந்து உட்கார்ந்தது. கண்ணாடியைத் துடைத்தாள், போகவில்லை. முகத்தைக் கழுவினாள், போகவில்லை. மகன் டாக்டரிடம் அழைத்துப் போனான். "போன பார்வை போனதுதாம்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம், தவறாம வாங்க" என்றார் டாக்டர். அண்ணி தவறாமல் போனாள். ஓரமெல்லாம் தெரிந்தது, எதை நேராகப் பார்த்தாளோ அதுதான் தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் கண்ணாடி மாற்றப் போவதாகச் சொல்லி வைத்தாள். சாப்பாட்டைத் தவிர வேறெதையும் வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர் அவர்.

நாத்தனாருக்கு மட்டும் தெரியவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். வீம்பு இல்லை, பயம். நாத்தனாருக்குத் தெரிந்தால் அந்த நிமிஷமே திட்டும் சண்டையும் நின்றுவிடும். நாலு மணிக்கு மவுஸுக்குப் பதிலாக ஆரஞ்சுப் பழம் நீளும். "மருந்து போட்டீங்களா அண்ணி?" என்று இதமாக ஒரு குரல் வரும். பதினோரு வருஷம் பேசாமல் கிடந்து, அதற்கப்புறம் கிடைத்த பதினாலு வருஷம் இது. ஆரஞ்சுப் பழத்துக்காக அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

ஒரு வழி இருந்தது. பழைய விளையாட்டுகளை மறுபடி ஆடினால் பட்டியல் மாறும், சாமான் இருக்கிற இடம் மாறாது. அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டே மனப்பாடம் செய்தாள். மாடிப்படியா? கத்தரிக்கோல் மூணாவது படி, இடது ஓரம். சமையலறையா? நத்தை, தேநீர்க் கெண்டியின் மூக்கில்.

"புதுசெல்லாம் என்னடி விளையாட்டு? பழசை எடு. எழுத்து பொடியா இருக்கு, பட்டியலை நீயே வாசி" என்றாள்.

"ஆமா அண்ணி, இப்ப வர்றது ஒண்ணும் தேறலை" என்று நாத்தனார் உடனே ஒப்புக்கொண்டாள். எதற்கும் உடனே ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை அவள். தப்பித்த சந்தோஷத்தில் அண்ணி அதைக் கவனிக்கவில்லை.

இந்த மாதம் நாத்தனாரின் மகள் விடுமுறைக்கு வந்தாள். இழுத்து இழுத்து ஓடிய பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டுப் புதிது வாங்கி வைத்தாள். அதில் கலங்கரை வீட்டையும் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். அதே பெயர், பின்னால் ஓடும் அதே பியானோ இசை. உள்ளே படமெல்லாம் புதிதாக வரைந்தது என்று அவளும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

நாலு மணிக்கு உட்கார்ந்தார்கள். மாடிப்படி அறை வந்தது. நாத்தனார் ஏனோ கொஞ்சம் தயங்கித்தான் வாசித்தாள்.

"கத்தரிக்கோல்."

அண்ணி மூணாவது படி, இடது ஓரத்தில் அழுத்தினாள். கண்டுபிடித்தால் வருகிற மணிச் சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி அழுத்தினாள். கீழே, மேலே, மறுபடி ஓரத்தில். அம்புக்குறி உறைந்தது.

திட்டு விழும் என்று அண்ணி காத்திருந்தாள். விழவில்லை.

"புது மவுஸ் அண்ணி" என்றாள் நாத்தனார் மெதுவாக. "சரியா வேலை செய்யலை. விடுங்க."

பதினாலு வருஷத்தில் ஒரு தப்புக்குக்கூட நாத்தனார் மவுஸைக் குறை சொன்னதில்லை. அண்ணி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"மவுஸ் நல்லாத்தான் இருக்கு. உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

"என்னது?"

"எங்கிட்ட நடிக்காதே."

நாத்தனார் பியானோ இசையை நிறுத்தினாள். நோட்டை எடுத்துப் புரட்டினாள். பேய்க் குரலும் இல்லாமல் போலீஸ் குரலும் இல்லாமல், சொந்தக் குரலில் வாசித்தாள்.

"பொம்மை ஆஸ்பத்திரி, ரெண்டாம் பாகம். படத்துக்கு நடுவுல ஆளுயரக் கடிகாரம். அண்ணிக்குத் தெரியலை. மூலையில இருந்த குடை தெரிஞ்சுது. மூணு நாளா இப்படித்தான். சொல்ல மாட்டேங்கிறாங்க. கேக்கக் கூடாது. இனிமே பழசு மட்டும்."

தேதியையும் வாசித்தாள். ஏழு மாதம் ஆகியிருந்தது. அதற்குக் கீழே பதினாறு புது விளையாட்டுகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தேறாது, முப்பது' என்று எழுதியிருந்தது. அதையும் வாசித்தாள்.

"ஆடாமலே மார்க் போட்டியா?" அந்த நேரத்திலும் அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "வரைஞ்சவன் பாவம்டி."

"போகட்டும்."

"எங்கிட்ட ஏன் கேக்கலை?"

"கேட்டா நீங்க வர மாட்டீங்க. கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்துடுவீங்க. பதினோரு வருஷம் அந்தச் சாத்தின கதவைப் பாத்தவ நான்."

அண்ணி அழுதாள். கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் எதையெல்லாமோ சொல்லியிருந்தார். இதைச் சொல்லவில்லை, அதனால் நன்றாகவே அழுதாள். நாத்தனாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

"உங்களுக்குத் தேடத்தான் அண்ணி வரும், ஒளிக்க வராது. ஒளிச்ச விதம், நாற்பதுக்கு நாலு."

"உனக்கு?" என்றாள் அண்ணி. "பக்கத்துலயே உக்காந்து ஏழு மாசம் ஒளிச்சிருக்கே. இந்தப் பூதக்கண்ணாடிக்கே தெரியலை. நாற்பதுக்கு நாற்பது. எழுது."

பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அண்ணி மவுஸை நாத்தனார் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"படத்துல என்னென்ன இருக்குன்னு சொல்லு. கத்தரிக்கோலை எங்க வச்சிருப்பான்னு நான் சொல்றேன்."

நாத்தனார் சொல்லிக்கொண்டே வந்தாள். படிக்கட்டு, விளக்கு, உடைந்த நாற்காலி, ஜன்னல், நீலத் திரைச்சீலை.

"திரைச்சீலை மடிப்புல பாரு."

"இல்லை அண்ணி."

"நல்லா பாரு."

"இல்லைங்கிறேன்ல."

"கண்ணு என்ன புடனியிலயா இருக்கு?" என்று பாய்ந்தாள் அண்ணி.

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே அந்த மடிப்பில் அழுத்தினாள். மணிச் சத்தம் கேட்டது.