மரத்துக்கு ஒன்றும் தெரியாது

மீன்சுருட்டியில் செங்கமலத்தின் வீட்டு வாசலில் ஓர் எலுமிச்சை மரம் நிற்கிறது. மாமியார் கொளஞ்சியம்மாள் விடிந்ததும் அதற்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறாள், சாயங்காலம் ஒரு குடம். மருமகளிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, மகன் தங்கராசு வேலைக்குக் கிளம்பினான். வாசல் தாண்டும்போது எலுமிச்சை முள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டது. கிளம்பும்போது இப்படித் தடை பட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அந்தப் பக்கத்தில் போவார்கள்.

"உள்ள வந்து உக்காருடா, தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றாள் தாய்.

"பஸ் போயிடும், கிளம்புங்க" என்று முள்ளைப் பிரித்துவிட்டவள் செங்கமலம்.

இது பெரிய குற்றமா? பஸ்ஸுக்கு ஓடுகிற எந்த வீட்டில்தான் இந்தப் பேச்சு இல்லை? ஆனால் அன்றைக்கு ஜெயங்கொண்டம் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த டிப்பர் லாரி அவனை அடித்துப் போட்டுவிட்டது.

"மரம் புடிச்சி இழுத்துச்சே! போகாதடான்னு சொல்லிச்சே! இந்தப் பாவி பிரிச்சி அனுப்பிட்டாளே!"

கொளஞ்சியம்மாள் அழுத அழுகையைத் துக்கத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஊர் வாய்க்கு வேறு என்ன வேலை! செங்கமலமும் மறுத்துப் பேசவில்லை. பாவம், அவளும் அதைத்தான் நம்பினாள். முள்ளைப் பிரித்த விரலை நசுக்கிப் போடலாமா என்றுகூட நினைத்திருக்கிறாள்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பத்தாவது படித்தவள் என்பதால், குரூப் ஃபோர் பரீட்சைக்கு ஜெயங்கொண்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். தமிழ் எடுக்கும் அரவிந்தன் சார் அவளைவிட வயதில் சின்னவர். அடிகளின் முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை என்பதெல்லாம் எப்படியோ மண்டையில் ஏறியது. உவமையையும் உருவகத்தையும் மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லித் திட்டு வாங்குவாள்.

போன வாரம் தற்குறிப்பேற்ற அணி நடத்தினார்.

"தானா நடக்கிற ஒண்ணு மேல, கவிஞர் தன் மனசுல உள்ளதை ஏத்திச் சொல்றது. சாவு வுழுந்த அன்னிக்கு மழை பெய்யுது. வானமே அழுவுதுன்னு எழுதுறாரு. வானமா அழுவுது? மழை அது பாட்டுக்குப் பெய்யுது. அழுவுறது எழுதினவரு."

செங்கமலம் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"சார், ஒருத்தரைப் போகாதேன்னு மரம் புடிச்சி இழுத்துச்சுன்னு சொன்னா?"

"அட, நல்ல உதாரணம்! அதேதாங்க. மரத்துக்கு என்ன தெரியும்? கிளை நீட்டிக்கிட்டு இருக்கும், சட்டை மாட்டும். போகாதேங்கிறது நாம ஏத்துறது."

சார் போர்டு பக்கம் திரும்பிவிட்டார். அவள் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து அழுதாள். இரண்டு வருஷம் சுமந்ததை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். கொளஞ்சியம்மாள் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்த, மரத்துக்கு ஒண்ணும் தெரியாதாம் அத்த. முள்ளு மாட்டிச்சு, அவ்ளோதான். அது போகாதேன்னு சொல்லவே இல்ல. நான் அவரைச் சாவ அனுப்பல அத்த."

கிழவி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ குடத்தைக் கீழே வைத்துவிட்டு மரத்தைப் பார்த்தாள். முகம் அப்படியே விழுந்துபோயிற்று.

"அப்ப, எம் புள்ளயப் போகாதடான்னு தடுக்க அன்னிக்கு ஒண்ணுமே இல்லியா? நாதியத்தவனாவா போனான்?"

இத்தனை நாள் அந்த மரத்துக்கு எதற்காகத் தண்ணீர் ஊற்றினாள் என்பது அப்போதுதான் செங்கமலத்துக்குப் புரிந்தது. குடத்தை எடுத்து, மிச்சத் தண்ணீரை வேரில் ஊற்றினாள்.

"இல்ல அத்த. மரம் புடிச்சிச்சு. வுடாமப் புடிச்சிச்சு. நாந்தான் பிரிச்சி வுட்டுட்டேன்."

"ஆமாண்டி, பாவி" என்று கொளஞ்சியம்மாள் அவள் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.