ஷமீமா அக்கா எழுதிய குறிப்பு

நேற்று புது ஷூ டப்பாவைத் திறந்ததும் பசை வாசனை குப்பென்று அடித்தது. மனைவிக்குத் தலைவலி. எனக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் அறை ஞாபகம் வந்துவிட்டது. என் முதல் வேலை அங்கேதான். ஏ.சி. கம்ப்யூட்டருக்காகப் போட்டது, அதன் தயவில் நானும் சொகுசாக இருந்தேன்.

தோலைச் சோதிக்கும் ஷமீமா அக்கா, குறைகளைத் தமிழிலேயே டைப் அடிப்பார். சுருக்கமாக எழுதவே வராது. "இந்த ஆடு முள்வேலில மாட்டிருக்கு, முதுகுல கீறல், ஷூவுக்கு முன்பக்கம் வெக்காதீங்க." படிக்கும்போது ஆட்டின் மேல் பரிதாபமே வந்துவிடும்.

அதை எக்ஸ்.எம்.எல். என்ற கம்ப்யூட்டர் வடிவக் கோப்பாக மாற்றி வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்புவது என் வேலை. எந்தத் தோலை ஷூவின் எந்தப் பாகத்துக்கு வெட்டுவது என்று அதைப் பார்த்து அவர்கள்தான் சொல்வார்கள். குறிப்பில் வார்த்தை இல்லையென்றால் தோல் சுத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் கம்ப்யூட்டர் ரொம்ப ஆசாரம். ஒரு தமிழ் எழுத்து பட்டாலும் மொத்தக் கோப்பையும் துப்பிவிடும்.

"இன்னாப்பா பேஜாரு இது? ஏ பி சி டி தவிர வேற எழுத்து ஒண்ணுகூட வெளிய போவக்கூடாது," என்றார் மேனேஜர்.

கொஞ்சம் மூளை உள்ளவன், தமிழ் வரும் இடங்களைக் கண்டுபிடித்து ஆங்கிலத்தில் மாற்றியிருப்பான். நான் மேதாவி ஆயிற்றே! ஏ பி சி டி அல்லாத எழுத்தைக் கண்டதும் அழிக்கும்படி புரோகிராம் எழுதினேன். அதை அக்கா டைப் அடித்த மூலக் கோப்பின் மேலேயே சேமிக்கவும் வைத்தேன். கோப்புகள் தடையில்லாமல் போயின. மேனேஜர் பிரியாணி வாங்கித் தந்தார். வெட்கமில்லாமல் இரண்டு பிளேட் சாப்பிட்டேன்.

இரண்டே மாதத்தில் கீறல் விழுந்த ஷூக்கள் கப்பலேறித் திரும்பி வந்தன. குறையை ஏன் எழுதவில்லை என்று அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"எல்லாம் எழுதினேன் சார். தம்பி, நீயாவது சொல்லேன்பா!"

எனக்கு வேலை நிரந்தரமாகாத நேரம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் மனசு கேட்காமல் கோப்பைத் திறந்தேன். அக்கா குறிப்பு எழுதிய கட்டங்களில் கமாவும் முற்றுப்புள்ளியும் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எழுதியதற்கு வேறு சாட்சி எதற்கு? மேனேஜரிடம் காட்டி உண்மையைச் சொன்னேன். என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, அக்காவை அழைத்துவரச் சொன்னார். நான்தான் போனேன்.

"நீ அழிச்சது தெரியாம நடந்துச்சு, போவட்டும். நேத்து தெரிஞ்சே நின்னியே தம்பி?" என்றார். வரவில்லை.

இப்போது அங்கே யாரும் வாக்கியம் எழுதுவதில்லை. திரையில் குறையின் எண்ணைத் தொட்டால் முடிந்தது. அக்கா டைப் அடித்ததில் ஒரு சொல்கூட எங்கும் இல்லை. அழித்த எனக்கு மட்டும் அந்த வருஷமே வேலை நிரந்தரமானது.