அம்மாவின் பல்லும் மிச்சப் பொடியும்

என் வேலையை உறவினர்களுக்கு விளக்கும் முயற்சியைக் கைவிட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. பொடி எப்படிக் கொட்டுகிறது என்று பார்க்கிறேன், அதுதான் வேலை. ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் பட்டறையில் ஒரு இயந்திரம் இருக்கிறது. மாவைவிட மெல்லிய உலோகப் பொடியை ஒரு தட்டில் தலைமயிர் கனத்துக்கும் குறைவாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கும். அதன்மேல் இன்னொரு அடுக்கு, அதையும் உருக்கு. இப்படி அடுக்கடுக்காக எழுப்பி நாங்கள் செய்வது பல். பல் டாக்டர்கள் வாயின் அளவை அனுப்புவார்கள். நாங்கள் பல்லின் மேல் மாட்டும் கேப்பும், கழற்றி மாட்டும் பல்செட்டுக்கு உலோகச் சட்டமும் செய்து தருவோம். பொடி ஒழுங்காகப் பரவாவிட்டால் பல்லில் குழி விழும். பரவுமா, பரவாதா என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று, கம்ப்யூட்டர். பொடியின் ஒவ்வொரு மணியையும் ஒரு குட்டி உருண்டையாக வைத்து, ஒன்றோடு ஒன்று எவ்வளவு உரசும், எவ்வளவு ஒட்டும் என்று எண்கள் கொடுத்து, பரப்பும் தகடு அவற்றைத் தள்ளிக்கொண்டு போவதைக் கணக்கிடச் சொல்வது. தகடு ஒருமுறை போவதைக் காலையில் கணக்கிட ஆரம்பித்தால் சாயங்கால டீ வரும்போது முடியும். இயந்திரம் அதையே நான் டீ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் செய்துவிடும். இன்னொரு வழி, புனல். அடியில் சிறு துளையுள்ள புனலில் அளந்த பொடியைப் போட்டு, துளையை அடைத்த விரலை எடுத்து, காலியாக எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. பொடி கிளம்பாவிட்டால் புனலை ஒரே ஒரு தட்டு தட்டலாம் என்பது விதி. எங்கள் பட்டறையில் யாரும் ஒரு தட்டோடு நிறுத்தியதில்லை. மிளகாய்ப்பொடி டப்பாவைத் தட்டி வளர்ந்த கைகள். அதனால் அந்தப் புனலை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று வைத்திருக்கிறேன். எனக்குத் திமிர் என்று பேசிக்கொள்கிறார்கள். இருக்கட்டும்.

அம்மாவுக்குக் கீழ்வரிசை முன்பற்கள் ஈறு நோயில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் பேசுகிற பொறுப்பு முழுவதும் அம்மாவுடையது. அப்பா 'சரி' என்பார். சில நாள் அதையும் பாதியில் விட்டுவிடுவார். பல் போனதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். ஏதாவது கேட்டால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை. நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, குழைத்த சாதத்தைத் தனியாகச் சாப்பிடுவாள். அவள் மெல்லுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். அம்மா கொஞ்சம் வாயை மூடினால் தேவலை என்று நினைத்து வளர்ந்தவள் நான். மூடினாள். வீட்டில் இருக்கவே முடியவில்லை. ஆபீஸ் விட்டுப் படியேறும்போதே, இன்றைக்காவது எதற்காவது திட்டமாட்டாளா என்று இருக்கும்.

தி.நகர் டாக்டர் அளவெடுத்து, பல்செட்டுக்கான சட்டத்தைச் செய்ய எங்கள் பட்டறைக்கே அனுப்பினார். நல்ல சேதியாயிற்றே என்று அம்மாவை உட்காரவைத்து, இயந்திரத்தைப் படம் போட்டு விளக்கினேன். நுணலும் தன் வாயால் கெடும்.

"உருக்காத பொடி என்ன ஆகும்?" என்றாள் அம்மா முந்தானைக்குள்ளிருந்து.

"சலிச்சு மறுபடி டிரம்ல போட்டுடுவோம். வெலை ஜாஸ்திம்மா, தூக்கிப் போட முடியாது."

"எனக்குப் போடறது?"

"அதே டிரம்லேர்ந்துதான்."

"யாரோ பல்லுக்குப் போட்ட மிச்சமா?"

எங்கள் வீட்டில் எச்சிலுக்கென்று தனிச் சட்டம் உண்டு. தம்ளரை வாயில் வைத்துக் குடித்தால் எச்சில். கடித்த முறுக்கின் மறுபாதி, கடித்தவரைத் தவிர மற்றவருக்கெல்லாம் எச்சில். அப்பீல் கிடையாது.

"அது யார் வாய்க்கும் போகலைம்மா. உருகினதுதான் வாய்க்குப் போச்சு."

"இலையில மிஞ்சினதும்தான் வாய்க்குப் போகலை. அதுக்குப் பேர் என்ன?"

பாத்திரத்தில் மிஞ்சினால் மிச்சம், இலையில் மிஞ்சினால் எச்சில். அப்படியானால் இயந்திரத்தின் தட்டு பாத்திரமா, இலையா? நேர்மையாக யோசித்தேன். பல் உருவாவதும் அந்தத் தட்டில்தான், மிச்சப் பொடி கிடப்பதும் அந்தப் பல்லைச் சுற்றித்தான். இலைதான். இந்தக் கேள்வியால் என் ஆராய்ச்சிக்கு எந்தப் பிரயோஜனமும் ஏற்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"நெருப்புல போனதுக்குத் தோஷம் கிடையாதுன்னு நீதானே சொல்லுவே?"

"நெருப்புல போனது அவா பல்லாயிடுத்து. நெருப்புல போகாததுதானேடி மிச்சம்?"

கடைசியாக அரிசியை இழுத்தேன். எங்கள் பொடியும் அரிசி மாதிரிதான், பழசுதான் உதிர் உதிராக ஓடும், நீயே பழைய அரிசியாகத் தேடித்தானே வாங்குகிறாய் என்றேன்.

"பழைய அரிசியை யாரும் இலையில போட்டுட்டு மறுபடி மூட்டையில கொட்டலை. எனக்குப் பல்லும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். பல மாதங்களில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அது. எனக்குக் கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

அந்தச் சமயத்தில் இயந்திரத்தை முழுக்கக் காலிசெய்து துடைக்கும் வேலை வந்தது. துடைத்து முடித்ததும் முதல் தட்டில் புதுப் பொடி மட்டும் போட்டு, அம்மாவின் பல்செட் சட்டத்தை மட்டும் செய்துகொள்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன். எதற்கு என்றார். ஒரு பரிசோதனை என்றேன். பொய்யில்லை.

சீல் உடைத்த டப்பாவிலிருந்து பொடி எடுத்துப் புனலில் போட்டேன். விரலை எடுத்தேன். கிளம்பவில்லை. ஒரு தட்டு தட்டினேன். மூக்குப்பொடி அளவு விழுந்து நின்றுவிட்டது. இன்னொரு தட்டுக்குக் கை பரபரத்தது. கட்டுப்படுத்திக்கொண்டு 'பாயவில்லை' என்று எழுதினேன். நாங்கள் வாங்குகிற புதுப் பொடியில் தூசி போன்ற நுண்ணிய மணிகள் நிறைய இருக்கும். அவை மற்ற மணிகளைப் பிடித்துக்கொண்டு நகர விடாமல் செய்யும். இயந்திரத்துக்குள் சில முறை போய்வந்தால் தூசி குறைந்துவிடும். வழக்கமாகப் பழசோடு கலந்தே போடுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. புனல் சொன்னதற்கு ஏற்ப ஒட்டும் எண்ணைக் கூட்டிக் கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்த்தேன். தகடு போன வழியெல்லாம் கோடு கோடாகப் பள்ளம். என் கணக்கு தப்பாகப் போகவேண்டும் என்று கபாலீஸ்வரரை வேண்டிக்கொண்டு பொடியை இயந்திரத்தில் ஏற்றினேன்.

கணக்கு சரியாக இருந்தது. பக்கத்துப் பல்லைக் கவ்விக்கொள்ள வேண்டிய கொக்கி முழுக்கப் பொத்தல். இயந்திரத்தை ஓட்டுபவர் பட்டினப்பாக்கத்துக்காரர். கொக்கியை விரலால் லேசாக வளைத்தார். ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

"இன்னா மேடம், அப்பளமாட்டம் கீது?"

"புதுப் பொடி ஓடலை."

"டிரம்முல கீறத போட்டு அட்ச்சு எட்த்துக்கினு போய், புச்சுன்னு சொல்லிட்டா முடிஞ்சிது. அம்மா இன்னா, புனல்ல கொட்டியா பாக்கப் போறாங்க?"

எனக்கும் தோன்றாமல் இல்லை. நான் புதுசு என்றால் அம்மா நம்பிவிடுவாள், மறு கேள்வி கேட்கமாட்டாள். அதுதான் இடித்தது. வாயில் போட்டுக்கொள்ளும் பொருள். நாள் முழுக்க அவள் நாக்கு அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும். முடியாது என்றேன். "உங்க அம்மா, உங்க இஷ்டம்," என்று அவர் தட்டில் கிடந்த பொடியை அள்ளப் போனார்.

ஒடிந்த கொக்கியைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். "நீ கேட்ட புதுசு இதுதான். இதைப் போட்டுண்டா ஒரு தோசை தாங்காது. பழசுல பண்ணினா உறுதியா இருக்கும். உன்கிட்ட சொல்லாம பண்ண மாட்டேன். நீதான் சொல்லணும்," என்றேன்.

அம்மா கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுக்குப் போட்டதுல மிச்சம் இருந்திருக்குமே, அது எங்கே?"

"சலிச்சு டிரம்ல போட்டாச்சு."

"எந்த டிரம்ல?"

"இருக்கறதே ஒரு டிரம்தாம்மா."

"அப்போ என் மிச்சம்?"

"நாளைக்கு வேற யாருக்காவது போகும்."

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். "என் எச்சலை அவாளுக்குப் போடுவேளா? அவாளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பிறத்தியார் எச்சில் நமக்கு வருவது எங்கள் வீட்டுச் சட்டத்தில் அசுத்தம், குளித்தால் போய்விடும். நம் எச்சிலைப் பிறத்தியாருக்கு, அதுவும் சொல்லாமல், போடுவது பாவம். அதற்குக் குளியல் கிடையாது. முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வாயைத் திறந்து எல்லாவற்றையும் விளக்கித் தொலைத்தவள் நான்தானே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

"யாரு அவாள்லாம்?" என்றாள்.

"எங்களுக்கு நம்பர்தான் வரும். பேர் வராது."

"நாளைக்கு அவாளோடயே எனக்கும் போட்டுடு."

"பழைய பொடியிலயா?"

"என் மிச்சத்தை அவா சாப்பிடறா. நான் மட்டும் தனியா இலை போட்டுண்டு உக்காந்தா நன்னாவா இருக்கும்?"

மறுநாள் டிரம்மிலிருந்து எடுத்த பொடி தட்டாமலே புனலில் இறங்கியது. அம்மாவின் சட்டம் முன்பின் தெரியாதவர்களின் பற்களுக்கு நடுவில் எழும்பி வந்தது. இயந்திரத்தை ஓட்டுபவர் கொக்கியை முழு பலத்தோடு வளைத்துப் பார்த்து, "இத்த வச்சு கரும்பே கடிக்கலாம்," என்றார். தட்டை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"எனக்குப் பக்கத்துல குட்டியா ஒண்ணு இருக்கே, அது யாரு?"

"தெரியலைம்மா. யாரோ ஒருத்தரோட பல்."

"நன்னா சாப்பிடட்டும்."

சட்டத்தின் மேல் பற்களைப் பொருத்தி, டாக்டர் சரிபார்த்து, அது அம்மாவின் வாய்க்கு வர இன்னும் சில நாள் இருந்தது. ஆனால் அன்றைக்கு நானும் அப்பாவும் சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். சாதத்தைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டு, முன்பல் இல்லாத வாயால், எங்களுக்கு எதிரிலேயே மென்றாள். அப்பா டிவியை நிறுத்தினார். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, ரசம் போடட்டுமா என்று கேட்டேன்.

"போடு," என்றாள். "கரண்டி தட்டுல படாம போடு."