நாலடி பைப்

ஜூன் ஐந்தாம் தேதி ராசாத்தி அக்கா கையைத் தூக்கினார். தூக்கிய கையை அவர் அதன்பின் இறக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

2007ஆம் வருடம். ஓசூர் சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். அக்கா அங்கே ஹவுஸ்கீப்பிங். கம்பெனி ஆள் அல்ல, காண்ட்ராக்டர் சென்னகிருஷ்ணனின் ஆள். அன்று சுற்றுச்சூழல் தினம். எல்லோரையும் புல்வெளியில் நிறுத்தி, மேனேஜர் ராஜேஷ்குமார் ஆங்கிலத்தில் உறுதிமொழி வாசித்தார். டீ எப்போது வரும் என்று யோசித்தபடி நாங்கள் கையை நீட்டித் திருப்பிச் சொன்னோம். கலைந்து போகும்போது அக்கா என்னை நிறுத்தி, இப்போது என்ன சொன்னோம் என்று கேட்டார். பூமி சூடாகிக்கொண்டே போகிறது, தண்ணீரை வீணாக்க மாட்டோம், வீணாவதைக் கண்டால் சும்மா இருக்க மாட்டோம் என்று சொன்னோம் என்றேன்.

"அப்போ சத்தியம்லா பண்ணிருக்கோம் தம்பி," என்றார்.

நூற்றெண்பது பேர் கையை நீட்டியிருந்தோம். அதைச் சத்தியம் என்று எடுத்துக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

அக்காவுக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். கணவர் தங்கதுரைக்கு இங்கே ஒரு ஃபவுண்டரியில் வேலை. ஆர்டர் குறைந்ததால் அவருக்கு வாரத்தில் நாலு நாள்தான் வேலை கொடுத்தார்கள். அக்காவின் சம்பளத்தில்தான் வீடு நின்றது. பாகலூர் ரோட்டில் கிருஷ்ணப்பன் கட்டிய லைன் வீடுகளில் அவர்கள் ஐந்தாவது வீடு, நான் நாலாவது. கிருஷ்ணப்பன் முட்டைக்கோஸ் விவசாயி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். பன்னிரண்டு வருடம் முன்பு வீடுகளைக் கட்டியபோது எந்தக் கூரையிலும் ஃபேன் கொக்கி வைக்கவில்லை. குளிர்ந்த ஊரான ஓசூருக்கு எதற்கு ஃபேன்? இப்போது பத்து வீட்டிலும் டேபிள் ஃபேன் சுற்றுகிறது. அவருடைய போர்வெல் நானூறு அடியிலிருந்து ஆயிரத்து நூறு அடிக்குப் போய்விட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி நேரம் தண்ணீர். குழாயடிக்கு வரும்போதெல்லாம் அவர் ஒரே பாட்டுத்தான் பாடுவார்.

"நீங்கெல்லாம் வந்தீங்கோ, தண்ணி போச்சி."

நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். அக்காவால் மட்டும் அதைத் தாங்க முடியாது. நாலு குடத்தில் குளித்துச் சமைக்கிறவர்கள் பூமியையே குடித்துவிட்டார்களா என்று உள்ளே போய்ப் பொருமுவார்.

ஆகஸ்டில் சாயங்கால மழை பிடித்தது. கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் ஒவ்வொரு மழைக்கும் குளம் கட்டும். அதைத் தள்ளிவிடுவது அக்கா வேலை. மூன்றாம் நாள், இவ்வளவு தண்ணீர் எங்கிருந்துதான் வருகிறது என்று அண்ணாந்து பார்த்திருக்கிறார்.

கூரையிலிருந்து இறங்கிய பைப் பாதியிலேயே நின்றது. அதற்கு நேர் எதிரே, சுவரை விட்டுத் தள்ளி, தண்ணீரை நிலத்துக்குள் இறக்கும் மழைநீர்த் தொட்டி, நீலப் பெயின்ட் அடித்து, மேலே வாசகமும் எழுதி, அழகாக இருந்தது. தொட்டி மூடிக்கும் பைப் வாய்க்கும் நடுவே நாலடி வெறுங்காற்று. நாலு வருடம் முன்பு அரசாங்கம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டியது அது. முன்பக்கமிருந்து ஃபோட்டோ எடுத்தால் சேர்ந்திருப்பது போலவே தெரியும். ஃபோட்டோ போனது, சான்றிதழ் வந்தது. நாலு வருட மழை சாக்கடைக்குப் போனது.

ஒகேனக்கல் தண்ணீர் இதோ வருகிறது என்று எல்லாக் கட்சிச் சுவரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வரட்டும். அதுவரை தலைமேல் கொட்டுவதைப் பிடிக்க, பைப்பைத் திருப்பிச் சேர்க்கும் ஓர் எல்போவும் நாலடி பைப்பும் போதும் என்று எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை.

செப்டம்பர் கைசன் மாதம். வேலையில் செய்யக்கூடிய சின்ன முன்னேற்றம் ஏதாவது தோன்றினால் ஃபாரத்தில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். நல்லவற்றைக் கேட் அருகே போர்டில் ஒட்டுவார்கள், முதல் பரிசு பிரஷர் குக்கர். ஃபாரத்தில் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டு கட்டங்கள். அக்கா யாரையும் கேட்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டார். 'முன்பு' கட்டத்தில் அந்தரத்தில் நிற்கும் பைப், சுற்றிலும் சிதறும் துளிகள். 'பின்பு' கட்டத்தில் எல்போ, ஒரு துளி கூட வெளியே இல்லை. நிரந்தர ஊழியர்களின் டோக்கன் எண்ணைக் கேட்ட இடத்தில் கேட் பாஸ் எண்ணை எழுதினார், காண்ட்ராக்ட் ஆட்களுக்கு டோக்கன் கிடையாது. 'பயன்' என்ற இடத்தில்: 'தண்ணீர் பூமிக்குள் போகும். வந்தவர்களை யாரும் திட்ட மாட்டார்கள்.'

ராஜேஷ்குமார் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் அல்ல. உட்காரச் சொன்னார், இன்றைக்கே பைப்பைச் சேர்த்துவிடுகிறேன் என்றார், குக்கரும் தருகிறேன் என்றார். ஃபாரத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் ஆடிட், அது போர்டில் இருந்தால் நாலு வருடப் பொய்யும் போர்டில் இருக்கும்.

"குக்கர் வேண்டாம் சார்," என்றாராம் அக்கா. "ஃபாரம் அங்கன இருக்கட்டும். பாக்குதவங்க அவங்கவங்க பைப்பைப் போயிப் பாப்பாங்கல்லா."

காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கைசனே கிடையாதே என்று மேனேஜருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஃபாரம் மேஜைக்குள் போனது. சாயங்காலமே பிளம்பர் வந்து பைப்பைச் சேர்த்தார். திங்கட்கிழமை அக்காவை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கியர் செய்யும் கம்பெனிக்கு மாற்றினார் சென்னகிருஷ்ணன். இனி ஒரு ஃபாரம் எழுதினால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

கியர் கம்பெனிக்குள் நுழைந்ததும் அக்கா முதலில் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறார். அங்கேயும் பைப் அந்தரத்தில்தான் நின்றது. இடைவெளி மட்டும் மூன்றடி.

அன்று சாயங்காலம் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அக்கா அந்த மூன்றடியைப் பற்றிச் சொன்னார். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று தங்கதுரை அண்ணன் கதவருகே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்வதும் சரிதான். அடுத்த மாத வாடகையே அக்காவின் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது.

"எழுதுனா வேலை போயிரும்," என்று அக்கா என்னிடம் சொன்னார். "எழுதலைன்னா நான் தெரிஞ்சே பொய் சொன்னவ."

மறுநாள் காலையில் அங்கேயும் ஒரு ஃபாரம் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டார்.

வேலை போகவில்லை! காரணம் இருந்தது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திராவின் துணிக் கம்பெனிகள் வேன் அனுப்பிப் பெண்களை அள்ளிக்கொண்டிருந்தன. டீக்கு முன்னால் ஒரு முழுத் தொழிற்கூடத்தையும் துடைத்து முடிக்கும் ஆளை விட்டுவிட சென்னகிருஷ்ணனுக்கு வழியில்லை. திட்டினார், தலையில் அடித்துக்கொண்டார், மூன்றாவது கம்பெனிக்கு மாற்றினார். அதற்குள் கியர் கம்பெனி பைப் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. ஃபாரம் அங்கேயும் போர்டுக்கு வரவில்லை.

போர்டு மறுத்ததை ஷேர் ஆட்டோ செய்தது. சிப்காட் நிறுத்தத்தில் வெவ்வேறு கம்பெனிகளின் துடைப்பக்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒன்றாக ஏறுவார்கள். அக்கா அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், உங்கள் பைப் எங்கே முடிகிறது? அதுவரை யாரும் கூரையைப் பார்த்ததில்லை, தரையைப் பார்க்கத்தானே சம்பளம். மறுநாளிலிருந்து எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. ஆட்டோவில் உட்கார இடமில்லாதபோதும் செய்திக்கு இடமிருந்தது. ஒன்றில் பைப் இருக்கிறது, தொட்டி இல்லை. ஒன்றில் தொட்டி இருக்கிறது, உள்ளே பழைய டயர். தேன்கனிக்கோட்டை ரோட்டிலிருந்து வரும் மேகலா ஒரு நாள் ஏறும்போதே சிரித்துக்கொண்டு ஏறினாள்.

"யக்கா, எங்களுதுல பைப்பே இல்லக்கா. செவுத்துல வரஞ்சி வெச்சிக்கிறான்."

ஆட்டோ அன்று சிரிப்பில் குலுங்கியது. ஒரு மாதத்தில் ஒன்பது கம்பெனி ஃபாரம் பெட்டிகளில் கேட் பாஸ் எண்கள் விழுந்தன. எழுதத் தெரியாதவர்கள் படம் வரைந்தார்கள், அதில் என்ன கஷ்டம், ஒரு பைப்பும் சில துளிகளும்தானே. யாரும் கொடி பிடிக்கவில்லை, யார் பெயரையும் சொல்லிக் கோஷம் போடவில்லை. ஒன்பது கூரைகளில் ஆறு பூமியோடு சேர்ந்தன. பூமியைக் காப்பாற்றுவது பற்றி ஆங்கிலத்தில் பேசிய எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. சட்டம் என்பது யாரோ எழுதி முடித்துவிட்டது என்று நினைத்திருந்தேன். கடைசி நாலடியை நாம்தான் போட வேண்டியிருக்கிறது.

நவம்பரில் அக்காவை நாலாவது கம்பெனிக்கு மாற்றினார்கள். தங்கதுரை அண்ணன் முதல்நாளே சண்டை போட்டுப் பார்த்து ஓய்ந்திருந்தார். அன்று சாயங்காலம் ஆட்டோவிலிருந்து அக்கா இறங்கிய வேகத்தைப் பார்த்து, சரி, கேட் பாஸ் போய்விட்டது என்றே நினைத்தேன். குழாயடியில் கிருஷ்ணப்பனும் நின்றிருந்தார்.

நடந்தது இதுதான். கேட்டில் செக்யூரிட்டி கரியப்பன் பாஸில் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, நேராகப் பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அங்கே பைப் தொட்டிக்குள் இறங்கியிருந்தது. புது எல்போ, சுற்றிப் பூசிய சிமென்ட் இன்னும் ஈரம். விரலை வைத்தால் பதிந்ததாம். ராசாத்தி என்று ஒரு ஆளை அனுப்புகிறேன், அவள் வருவதற்குள் பைப்பைச் சரிபண்ணி வையுங்கள், இல்லாவிட்டால் எனக்குத் தலைவலி என்று சென்னகிருஷ்ணனே போன் செய்திருக்கிறார்.

கிருஷ்ணப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று அண்ணாந்து பார்த்தார்.

பாஸ் என்னக்கா ஆச்சு என்று கேட்டேன். பத்திரமாக இருக்கிறது என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

"எழுதுததுக்கு ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டாரு பாத்துக்க," என்றார் அக்கா. முகமெல்லாம் ஒளி. "அதான் வாரப்பவே காண்ட்ராக்டர்ட்ட கேட்டுட்டு வந்தேன், அஞ்சாவது கம்பெனிக்கு என்னைய எப்ப மாத்துவீங்கன்னு."